பெயரில்லாத சிப்பாய்களின் மண்ணறைகள்

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் உள்ள நமது பனவடலிசத்திரம், பெயரிலேயே சத்திரத்தைத் தாங்கிய ஊர். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிய இடங்களுக்கே அப்பெயர் அமையும். இவ்வூரை நடுவாக வைத்துப் பார்த்தால், பதினெட்டாம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையை உலுக்கிய போர்களின் களங்கள் இருபுறமும் தென்படும். வடமேற்கே நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் உள்ளன. தென்கிழக்கே கயத்தாறு, அதற்கும் கிழக்கே ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சி. இக்களங்களில் மாண்டோர் எங்கே அடங்கியிருக்கிறார்கள், அவ்விடங்களை இன்று பேணுபவர் யார் என்பதைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறோம். முஸ்லிம்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு என்பதே எழுதுவதற்குக் காரணம்.

பூலித்தேவரின் போரை நாம் பெரும்பாலும் பாளையக்காரருக்கும் கும்பினிக்கும் இடையே நடந்த போராகவே படித்திருக்கிறோம். அதில் இரு பக்கமும் முஸ்லிம்கள் இருந்தனர் என்பது பலருக்குத் தெரியாது. 1755ஆம் ஆண்டு கர்னல் ஹெரானின் கும்பினிப் படையோடு நெல்லைச் சீமைக்கு வந்தவர் ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் அண்ணன் மாபூஸ்கான். அதே மாபூஸ்கான் பின்னர் தம்பியோடு பிணங்கிப் பூலித்தேவரின் பக்கம் சேர்ந்துகொண்டார். எதிர்ப்பக்கத்தில் கும்பினியின் சிப்பாய்ப் படைக்குத் தலைமை தாங்கி வந்தவர் கான்சாகிபு எனப்பட்ட முகம்மது யூசுப்கான். பிறப்பால் இந்து, இஸ்லாத்தைத் தழுவியவர். மருதநாயகம் என்ற பெயராலும் மக்கள் அவரை அறிவர். 1760ஆம் ஆண்டின் இறுதியில் வாசுதேவநல்லூரில் பின்வாங்க நேர்ந்த அவர், 1761 மே மாதத்தில் அக்கோட்டையையும் நெற்கட்டும்செவலையும் கைப்பற்றினார். மூன்றே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. நவாபையும் கும்பினியையும் எதிர்த்து மதுரையில் தனித்து நின்ற யூசுப்கான், தம்மோடிருந்தவர்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அவருடைய உடல் துண்டிக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. எஞ்சிய உடல் மதுரை சம்மட்டிபுரத்தில் அடக்கப்பட்டது. 1808ஆம் ஆண்டில் சேக் இமாம் என்பவர் அவ்விடத்தில் சிறியதொரு சதுரப் பள்ளிவாசலைக் கட்டினார். கான்சாகிபு பள்ளிவாசல் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. அப்பெயரும் அங்கே தொழ வருவோரின் நினைவுமே இக்கபர் இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அடையாளம் தெரியும்படி இருப்பதற்குக் காரணம்.

ஆனால் அந்த யூசுப்கானின் கீழ் நெற்கட்டும்செவலிலும் வாசுதேவநல்லூரிலும் போரிட்டு மாண்ட சிப்பாய்களின் கபர்கள் எங்கே? எதிரே நின்ற பூலித்தேவருக்கு நெற்கட்டும்செவலில் நினைவு மாளிகை உண்டு. வெண்ணிக் காலாடி, ஒண்டிவீரன் ஆகியோரின் பெயர்கள் மக்கள் நாவில் வாழ்கின்றன. அது நியாயமே, மண்ணைக் காத்து நின்றவர்களை மண் மறவாது. கும்பினிச் சிப்பாய்களையோ இரு தரப்பும் மறந்துவிட்டன. ஊரார் அவர்களைப் பகைவரின் ஆட்களாகக் கண்டனர். கும்பினியோ கூலிக்கு வந்த ஆட்களாகவே எண்ணியது.

பாஞ்சாலங்குறிச்சியில் இவ்வேறுபாடு கண்கூடாகத் தெரியும். 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மனின் படை கட்டபொம்மனின் கோட்டையைத் தாக்கியது. தாக்குதல் தோற்றது, ஐரோப்பிய அதிகாரிகள் சிலர் மாண்டனர். அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அவ்விடத்தைக் கடந்து சென்ற எளிய மக்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுச் சென்றதால் அங்கே ஒரு கற்குவியல் எழுந்தது என்பர். நினைவுச்சின்னம் எழுப்ப அரசாணை தேவையில்லை என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 1801இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச் 31 அன்று கும்பினி நடத்திய தாக்குதல் பெரும் இழப்போடு முறியடிக்கப்பட்டது. மே 24 அன்றுதான் கோட்டை வீழ்ந்தது. இப்போர்களில் மாண்ட வெள்ளை அதிகாரிகளுக்கு அங்கே கல்லறைகள் உண்டு. அதே நாளில், அதே மதில் அடியில் வீழ்ந்த சிப்பாய்களுக்குத் தனித்தனிக் கல் இல்லை. அவர்கள் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் என நம் நாட்டு மக்களே. படைக் கணக்குகளில் அவர்கள் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர்.

வெள்ளையரின் கல்லறையில் முள் மண்டினால் நமக்கென்ன என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஒரு ஹதீஸை நினைவூட்டுவோம். ஒரு யூதரின் பிரேதம் கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று அருகிலிருந்தோர் கூறியபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்ற பொருள்பட மறுமொழி பகர்ந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. முஸ்லிமல்லாதோருக்காகப் பாவமன்னிப்புக் கோருவதற்கு மார்க்கத்தில் தனி வரம்பு உண்டு. முள்ளை வெட்டி, சாய்ந்த கல்லை நிமிர்த்துவது அந்த வரம்புக்குள் வரும் செயலன்று. அது பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதைப் போன்றதே.

இனி நம்மவர் கபர்களுக்கு வருவோம். இங்கே வேறொரு தயக்கம் எழும். கபரைப் பேணுகிறோம் என்று தொடங்கி, சுவர் எழுப்பி, போர்வை போர்த்தி, உண்டியல் வைத்து, கந்தூரியில் போய் முடிந்த கதைகள் நமக்குப் புதியவையல்ல. கபரைக் காரையால் பூசுவதையும், அதன்மேல் கட்டடம் எழுப்புவதையும், அதன்மேல் அமர்வதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அதே நபி (ஸல்) அவர்கள், உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களை அடக்கிய பின் ஒரு கல்லைத் தாமே தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. தம் சகோதரரின் கபரை அடையாளம் கண்டுகொள்வதற்காகவே அப்படிச் செய்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எல்லை தெளிவாகும். அடையாளம் வேண்டும், அலங்காரம் வேண்டியதில்லை. நம் கபரஸ்தான்களில் நடப்படும் மீஸான் கற்கள் இந்த அடையாளத்துக்கானவையே. கல்லில் எழுதலாமா என்பதில் ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேவை இருக்கும்போது அடையாளத்துக்காகப் பெயர் பொறிப்பதை அனுமதித்த ஹனஃபி அறிஞர்கள் உள்ளனர். யூசுப்கானைப் பொறுத்தவரை எங்கள் கருத்து இதுவே: அவர் ஒரு தளபதி, ஓர் ஆட்சியாளர், வலியுல்லாஹ் அல்லர். அவர் கபரைச் சிதையாமல் காப்பதற்கு அவரை வலியாக்க வேண்டிய தேவை இல்லை.

கும்பினிக் காலத்தோடு இக்கதை முடியவில்லை. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர் பணியாற்றினர். 74,000க்கும் குறையாதோர் மாண்டனர். நம் மாநிலத்தின் சில ஊர்களில் அப்போருக்குப் பின் வைக்கப்பட்ட சிறு கற்பலகைகளைக் காணலாம். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்ற அளவில் அவை நின்றுவிடும். இங்கும் எண்ணிக்கையே உண்டு, பெயர் இல்லை.

போர்க் கல்லறைகளைப் பேணும் உலகளாவிய அமைப்பு ஒரு தன்னார்வலரிடமிருந்தே தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது. வயது கடந்ததால் படையில் சேர இயலாத ஃபேபியன் வேர் என்ற ஆங்கிலேயர், செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்திப் பிரிவொன்றோடு 1914இல் பிரான்சுக்குச் சென்றார். மாண்டோரின் புதைகுழிகளை எவரும் குறித்து வைக்கவில்லை என்பதைக் கண்டு, அவரும் அவர் குழுவினரும் ஒவ்வொன்றாகக் குறிக்கத் தொடங்கினர். அதுவே வளர்ந்து 1917இல் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையமாயிற்று; இன்று அது காமன்வெல்த் ஆணையம். பதவி, இனம், சமயம் பாராமல் அனைவருக்கும் சமமான நினைவு என்பது அதன் கொள்கை. ஐரோப்பாவில் இக்கொள்கை பெருமளவு காக்கப்பட்டது. பிரான்சின் நவ் ஷப்பலில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவுச்சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஆனால் ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே பொறிக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாய்கள் எண்ணிக்கையாயினர். மதராஸ் சாப்பர்கள் உள்ளிட்ட நம் பகுதிப் படைகள் உழைத்த களம் அது. கலீஃபாவின் படையை எதிர்த்து நிற்க நேர்ந்த முஸ்லிம் சிப்பாய்களின் மனவேதனையும் அக்களத்துக்கு உரியது. அவர்களை ஷஹீது என்பதோ துரோகி என்பதோ நம் வேலையன்று. தீர்ப்பு அல்லாஹ்விடம் உள்ளது.

அந்த ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இக்குறையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை, அல்லது எவ்வகையிலும் நினைவுகூரப்படவில்லை என்றும் அது மதிப்பிட்டது. இவ்விரண்டாம் எண்ணிக்கை 3,50,000 வரை உயரக்கூடும் என்றும் கூறியது.

இங்கிலாந்தின் வோக்கிங் நகரத்துச் செய்தி நமக்கு ஆறுதலும் பாடமும் தருவது. முஸ்லிம் சிப்பாய்கள் மார்க்க முறைப்படி அடக்கப்படுவதில்லை என்று ஜெர்மானியர் பரப்புரை செய்த காலத்தில், அந்நகரின் ஷாஜஹான் பள்ளிவாசல் இமாம் மௌலவி சத்ருத்தீன் முயன்று கேட்டதன் பேரில், அவர்களுக்கென்று தனி அடக்கத்தலம் அமைந்தது. இரு போர்களிலுமாக 27 பேர் அங்கே அடக்கப்பட்டனர். பின்னர் விஷமிகள் சேதப்படுத்தவே, 1968இல் உடல்கள் புரூக்வுட் கல்லறைக்கு மாற்றப்பட்டன. வெற்று மதிலாகச் சிதைந்து நின்ற அவ்விடத்தை உள்ளூர்ப் பொதுநிலத்தைப் பராமரிக்கும் சங்கம் ஒன்று முன்னின்று சீரமைத்தது. 2015இல் அது அமைதித் தோட்டமாகத் திறக்கப்பட்டது. 27 பெயர்களும் இந்தியக் கருங்கல்லில் பொறிக்கப்பட்டு நிற்கின்றன.

நம் வட்டாரத்தில் செய்யத்தக்கது என்ன? முதல் வேலை பெயர் தேடுவது. ஆணையத்தின் இணையப் பதிவேட்டில், மாண்டவரின் பெயரோடு சில வேளைகளில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும். தேடும்போது திருநெல்வேலியை அக்கால ஆங்கில வழக்கான டின்னவெல்லி என்றும், சங்கரன்கோவிலைச் சங்கரநயினார்கோயில் என்றும் இட்டுப் பார்க்க வேண்டும். சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையிலும் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. இந்தியாவின் பல பகுதிகளில் பேண இயலாமற்போன கல்லறைகளுக்கு உரிய, முதற்போரில் மாண்ட 1,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை அதில் காணலாம். அடுத்து வீடுகள். பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும் படை விலகல் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், பதக்கம் ஆகியவை இன்னும் சில குடும்பங்களில் இருக்கக்கூடும். முதற்போர்ப் பதக்கங்களின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் தெரியும். மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் தத்தம் பாட்டனார், பாட்டியாரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தாலே போதிய தொடக்கமாகும்.

கல்லறையில் கைவைப்பதற்கு முன் இடத்துக்கு உரியவரிடம் அனுமதி பெற வேண்டும். ஜமாஅத், வக்ஃபு வாரியம், ஊராட்சி, திருச்சபை என இடத்துக்கேற்ப அது மாறும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமாயின், அத்துறையைக் கேளாமல் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது. நல்ல எண்ணத்தால் நேரும் கெடுதியே அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துத் தெரியவில்லை என்று ஆசிட் ஊற்றுவதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், பெயின்ட் அடிப்பதும் கல்லைத் தின்றுவிடும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். தேய்ந்த எழுத்தைப் படிக்கக் காலை அல்லது மாலையில் சாய்ந்து விழும் வெயிலில் புகைப்படம் எடுத்தால், நண்பகலில் தெரியாத எழுத்தும் தெரியும். பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தில் சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் காரை உதிரும், சுண்ணாம்பே வேண்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க முயன்றால் கபரும் சேர்ந்து பெயரும். தரையோடு ஒட்ட அறுத்து, துளிர்க்கத் துளிர்க்க வெட்டி வர வேண்டும். ஆகவே இது ஒரு நாளில் முடியும் வேலையன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து புல் காயத் தொடங்கும் தை மாதம் இதற்கு ஏற்ற காலம். பாம்பு உண்டு; சிறு பிள்ளைகளைப் புதருக்குள் அனுப்பலாகாது.