வினையைக் கடன் வாங்கிய கதை: கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழும் ஆங்கில இறந்தகாலமும்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு மாலைப்பொழுது நின்று செவிமடுத்தால், 'கூட்டத்தைக் கேன்சல் பண்ணிட்டாங்க', 'சாப்பாட்டைத் தாப்பாவ் பண்ணிட்டேன்' போன்ற தொடர்கள் காதில் விழாமற்போகா. தமிழாசிரியர் பலர் இவற்றைத் தமிழின் சிதைவுக்குச் சான்றாகக் காட்டுவர். எழுத்துத் தமிழுக்கு இவை ஏற்றவையல்ல என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், இத்தொடர்களுள் உண்மையில் நிகழ்ந்திருப்பது யாது என்று வரலாற்று நோக்கில் ஆராய்ந்தால், நாம் அஞ்சுவதற்கு மாறான ஒரு செய்தி வெளிப்படும். அதனை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஆங்கிலம் இப்பள்ளத்தாக்குத் தமிழரை இரு வழிகளில் வந்தடைந்தது. 1886ஆம் ஆண்டு கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து இரயில் ஓடத் தொடங்கியது. 1896இல் கோலாலம்பூர் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தலைநகராயிற்று. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராகப் பணிபுரிய, யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்ற தமிழர் வந்தனர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் வாழும் பகுதியாக வளர்ந்தது. மறுபுறம், கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர். முன்னவர் ஆங்கிலத்தை ஏட்டின்வழிக் கற்றனர். பின்னவர் துரையின் கட்டளையிலும் கிராணியின் பதிவேட்டிலும் செவிவழி அறிந்தனர். ஆங்கிலம் அறிந்தவருக்கு அலுவலக நாற்காலி, அறியாதவருக்குப் பால்வாளி என்ற பிரிவு இரு தலைமுறைகளுக்கு நீடித்தது.

முதலில் வந்தவை பெயர்ச்சொற்கள். 'பரேட்' என்பதன் திரிபெனக் கருதப்படும் 'பெரட்டு', தோட்டத்து விடியற்காலை ஆள்கணக்கெடுப்பைக் குறித்தது. 'பெரட்டுக்குப் போனான்', 'குவாட்டர்ஸில் குடியிருந்தான்' என்று மக்கள் பேசினர். 'குவாட்டர்ஸ்' என்பதன் இறுதியில் நிற்கும் ஒலி ஆங்கிலத்தின் பன்மைக் குறி. தமிழ் அதனைப் பொருட்படுத்தவில்லை; முழுச்சொல்லையும் ஒரே பெயராகக் கொண்டு, ஏழாம் வேற்றுமை உருபைச் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலேயர் பெயருக்கு முன் வைக்கும் முன்னிடைச்சொல் எதுவும் அப்பெயரோடு வரவில்லை.

அடுத்து வினைச்சொற்கள் வந்தன. ஆங்கிலத்தில் 'கேன்சல்' என்னும் வினைக்கு இறந்தகால வடிவம் 'கேன்சல்ட்'. ஆனால் 'கேன்சல்ட் பண்ணினான்' என்று கூறுவார் இல்லை. தமிழர் எடுத்துக்கொண்டது காலங்காட்டாத பகுதியை மட்டுமே. 'பண்ணினான்' என்பதிலுள்ள 'இன்' என்னும் இடைநிலை காலத்தையும், 'ஆன்' என்னும் விகுதி திணை, பால், எண், இடங்களையும் உணர்த்துகின்றன. அயல்வினை தன் வினைத்தன்மையை வாயிலிலேயே இழந்து, பெயர்போல் உள்ளே வருகிறது. தொடரை முடித்து வைப்பது தமிழ்வினையே.

இதற்கு விலக்கெனத் தோன்றுவனவும் உள. 'ரிட்டயர்ட் ஆகிவிட்டார்', 'டயர்டாக இருக்கிறது' என்னும் வழக்குகளில் ஆங்கில இறந்தகால ஈறு தெளிவாகவே ஒலிக்கிறது. எனினும், 'அடுத்த ஆண்டு ரிட்டயர்ட் ஆவார்' என்று எதிர்காலத்திலும் தயங்காது கூறுகிறோம். அந்த ஈறு தமிழ்ச் செவிக்குக் காலங்காட்டவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. 'ஆன்', 'ஆஃப்' என்னும் ஆங்கில இடைச்சொற்களும் இவ்வாறே 'விளக்கை ஆஃப் பண்ணினான்' எனப் பெயர்போல் நின்று தமிழ்வினையை ஏற்கின்றன.

இவ்வழி புதிதன்று. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்து, வடசொல் தமிழில் வழங்குங்கால் வட எழுத்தை நீக்கி வரவேண்டும் என விதித்தது. வடமொழிச் சொற்கள் 'சிந்தித்தான்', 'தியானித்தான்' எனத் தமிழ் இடைநிலையும் விகுதியும் ஏற்றும், 'தியானம் செய்தான்' எனத் துணைபெற்றும் வழங்கின. பின்னர் ஆட்சிமொழியின் வாயிலாக அரபுமொழிச் சொற்கள் புகுந்தபோது, 'ரத்து செய்தான்', 'வசூல் செய்தான்' என்னும் இரண்டாம் வழியே நிலைத்தது. இன்று 'ரத்து செய்தான்' என எழுதும் மாணவனை நாம் திருத்துவதில்லை. 'கேன்சல் பண்ணினான்' என்பவனைத் திருத்துகிறோம். இரண்டின் கட்டமைப்பும் ஒன்றே. வேறுபாடு வழக்கின் தகுதியில் உள்ளது, இலக்கணத்தில் இல்லை.

ஐரோப்பியர் தமிழைக் கற்றபோது இவ்வேறுபாட்டை எதிர்த்திசையிலிருந்து கண்டனர். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகள் முன்னிடைச்சொற்களுக்கு மாறாகப் பெயருக்குப் பின்வரும் உருபுகளை ஆள்வதை அவற்றின் தனித்தன்மைகளுள் ஒன்றாகக் குறித்தார். அவர்கள் வியந்து கற்ற அதே இடைவெளியை, இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளி மாணவன் நாள்தோறும் மும்முறை கடக்கிறான்.

தமிழில் 'நேற்று இரயிலில் கிள்ளானுக்குப் போனான்' என்கிறோம்: உருபு பெயருக்குப் பின், காலம் வினைக்குள், வினை இறுதியில். ஆங்கிலத்தில் 'வெண்ட்' என்னும் இறந்தகால வினை எழுவாயை அடுத்து வந்துவிடும். இடத்தையும் கருவியையும் காட்டும் 'டு', 'பை' என்பன தத்தம் பெயருக்கு முன் நின்று வினையைப் பின்தொடரும். மலாயிலோ முன்னிடைச்சொல் உண்டு. வினை காலத்திற்கேற்ப மாறுவதில்லை. 'பெர்கி' நேற்றும் 'பெர்கி', நாளையும் 'பெர்கி'. தேவையெனில் 'தெலா' போன்ற சொல் முன்னே நின்று செயல் முடிந்ததை உணர்த்தும்.

ஆகவே, 'யெஸ்டர்டே ஹி கோ' என எழுதும் மாணவன் அறிவற்றவன் அல்லன். ஒரு மொழியின் நெறியை மற்றொன்றில் செலுத்தியவன். 'டிட் நாட் வெண்ட்' என்று எழுதுபவனுக்கோ நம்மிடம் எளிய மருந்து உண்டு. ஆங்கில எதிர்மறையிலும் வினாவிலும் காலம் முதன்மை வினையைவிட்டு 'டிட்' என்னும் துணைவினைக்குப் பெயர்ந்துவிடும். முதன்மை வினை வெறும் பகுதியாய் நிற்கும். 'கேன்சல் பண்ணினான்' என்பதிலும் காலம் 'பண்ணு' என்பதில் அமைய, 'கேன்சல்' வெறும் பகுதியாய் நிற்கிறது. நாம் பழித்த தொடரே ஆங்கில இலக்கணத்திற்குப் படிக்கட்டாகிறது. 'கேன்சல்ட் பண்ணினான்' என்று சொல்லாத மாணவனிடம், 'டிட்' வந்தபின் 'வெண்ட்' எதற்கு என்று வினவினால் போதும்.

முன்னிடைச்சொற்களையும் தனித்தனியே உருபுக்கு நிகராக மனனம் செய்விப்பதால் பயன் குறைவு. 'லுக்ட்' என்னும் ஒரே வினை, 'அட்' சேர நோக்கினார் எனவும், 'ஃபார்' சேரத் தேடினார் எனவும், 'ஆஃப்டர்' சேரப் பராமரித்தார் எனவும் பொருள் தரும். தமிழில் இப்பணியைப் பெரிதும் துணைவினை ஆற்றுகிறது: பார்த்தார், பார்த்துக்கொண்டார், பார்த்துவிட்டார். வினையையும் அதன் துணையையும் ஒருசேரக் கற்பிப்பதே முறை.

நாம் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் வேறு. 'நடவடிக்கை எடுத்தார்' என்பதில் அயற்சொல் எதுவும் இல்லை. ஆயினும் ஆங்கிலத் தொடரின் சாயல் அதில் படிந்துள்ளது. மலாயிலும் அதே அமைப்பு உண்டு என்பதால் நம் நாட்டில் அது இருமடங்கு இயல்பாகத் தோன்றுகிறது. அத்தொடர் நிலைபெற்றுவிட்டது; அதனை விலக்குவது இயலாது. ஆனால் அதே பழக்கத்தில் 'பங்கேற்றார்' என்பது 'பங்கு எடுத்தார்' என மாறும்போது சிவப்பு மை தேவைப்படுகிறது. அயற்சொல் வெளிப்படையாக வந்து தமிழ்வினைக்கு அடங்கி நிற்கிறது. தமிழ்ச்சொல்லை அணிந்து வரும் அயல்மரபோ ஐயுறவின்றி ஏட்டில் ஏறிவிடுகிறது.

தோட்டத்துப் பெரட்டில் நின்றவர்களுக்கு இலக்கணம் கற்பித்தார் இலர். எனினும் துரையின் சொல்லைக் கேட்டு, அதற்குத் தமிழ் உருபும் தமிழ்வினையும் பூட்டி அவர்கள் பேசினர். அவ்வுறுதியை நம்பி, ஆங்கிலத்தை அச்சமின்றியும் தமிழை நாணமின்றியும் கற்பிப்பது நம் கடன்.