நடுக்கத்தை நிறுத்திய மின்சாரம்

மலருக்குக் கட்டுரை கேட்டதும் விடுதி நாட்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் ஒரு வருஷமாக மனசை அரித்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். என் அப்பாவுக்கு வயது 74. பார்க்கின்சன் நோய். மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சை செய்யலாமா என்று வீட்டில் ஒரே விவாதம். எஞ்சினியர் பிள்ளை ஆயிற்றே, அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இந்த நோயைப் பற்றி 1817-ல் விரிவாக எழுதியவர் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1952-ல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர், ஆபரேஷன் நடுவே தவறுதலாகக் கிழிந்த ஒரு ரத்தக் குழாயை அடைக்க வேண்டியதாயிற்று. நோயாளி கண் விழித்தால், நடுக்கம் போயே போச்சு! மூளையின் ஒரு சிறு பகுதியை அழிக்கும் ஆபரேஷன்கள் பெருகின. 1960-களின் கடைசியில் லெவோடோபா மருந்து வந்ததும் அவை குறைந்தன. ஆனால் வருஷங்கள் போகப் போக மாத்திரை வேலை செய்யும் நேரம் சுருங்கியது. உடம்பு தானாக நெளியும் தொல்லையும் சேர்ந்துகொண்டது.

1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் திருப்பம் வந்தது. அலிம் லூயி பெனபித் டாக்டர் மட்டுமல்ல, இயற்பியலும் படித்தவர். சுடுவதற்கு முன், இடம் சரிதானா என்று பார்க்கச் சிறிது கரண்ட் கொடுப்பார்கள். துடிப்பு வினாடிக்கு சுமார் 100-ஐத் தொட்டதும் நடுக்கம் நின்றது. கரண்டை நிறுத்தியதும் திரும்பி வந்தது. அப்புறம் எதற்குச் சுட வேண்டும்? கம்பியை உள்ளேயே விட்டுவிடலாமே! 2002-ல் அமெரிக்க அரசு பார்க்கின்சன் நோய்க்கு இதை அனுமதித்தது.

நான் உற்சாகமாக, "பிடிக்கலேன்னா ஆஃப் பண்ணிடலாம்ப்பா" என்றேன். அப்பா சிரித்தார். "மிஷினை நிறுத்தலாம். போட்ட ஓட்டையை நிறுத்த முடியுமாடா?"

கேள்வி நியாயமானது. 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 255 நோயாளிகள். நாலில் ஒருவர் 70 வயதைத் தாண்டியவர். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு நன்றாக நடமாடும் நேரம் தினம் 4.6 மணி கூடியது. ஆனால் கடுமையான பாதிப்பு 49 பேருக்கு. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 15 பேருக்குத்தான். ஒருவர் மூளை ரத்தக்கசிவால் இறந்தார்.

2001-ல் வந்த இன்னொரு தகவல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மின்முனை பொருத்திய 70 வயதுக்காரருக்கு, வாயில் ஆபரேஷன் முடிந்த பின் ரேடியோ அலைச் சூட்டு சிகிச்சையான டயாதெர்மி கொடுத்தார்கள். மூளை நிரந்தரமாகச் சேதமாகி அவர் நினைவே திரும்பாமல் கிடந்தார். உள்ளே கம்பி இருப்பவருக்கு அந்தச் சிகிச்சையே ஆகாது.

அதற்காக வயதானாலே கூடாது என்றும் இல்லை. 1757 பேரின் பதிவுகளை ஆராய்ந்த 2014-ம் வருஷ ஆய்வில் முதல் 90 நாள் சிக்கல் 7.5 சதவீதம், வயது கூடியதால் மொத்தச் சிக்கல் பெரிதாக ஏறவில்லை. எந்தத் தொல்லைக்காகச் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். மாத்திரைக்குக் கட்டுப்படும் விறைப்பு, மந்தம் எல்லாம் இதற்கும் கட்டுப்படும். மாத்திரைக்கு அசையாத தள்ளாட்டம், மறதி இரண்டும் பெரும்பாலும் அசையாது; சிலருக்குப் பேச்சும் ஞாபகமும் இன்னும் மோசமாகலாம்.

அப்பாவை வாட்டுவது தள்ளாட்டமும் மறதியும்தான். டாக்டரும் அதையே சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். குளியலறையில் கைப்பிடி பொருத்தியிருக்கிறேன்; சாயங்காலம் சேர்ந்து நடக்கிறோம்.

நம் கல்லூரியில் இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, நாளை இப்படிப்பட்ட கருவிகளை நீங்களும் செய்வீர்கள். அப்போது என் அப்பாவின் கேள்வியையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.