பாட்டு கேட்டால் சார்ஜ் நிற்குது, கேம் ஆடினால் ஏன் நிற்கலை? பிராசஸர் வேகக் கணக்கு இதுதான்!

நொச்சிக்குப்பத்தில் இருந்து ஃபைபர் படகில் போகிறவருக்கு நடுக்கடலில் சார்ஜர் ஏது? பாட்டும் கேட்கணும், அவசரத்துக்குப் பேச போனில் சார்ஜும் இருக்கணும். இதைத் தீர்மானிப்பதில் பிராசஸரின் 'கிளாக் ஸ்பீடு'க்குப் பெரிய பங்கு உண்டு.

எம்பி3 பாட்டு ஓட அதிக வேகம் தேவையே இல்லை. 2001-ல் ஸ்வீடன் நண்பர்கள் ஆர்கோஸ் பிளேயருக்காகத் தொடங்கிய இலவச மென்பொருள் 'ராக்பாக்ஸ்'. பின்னாளில் ஐபாடுக்கும் வந்தது. பழைய ஐபாட் சிப் 80 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். ராக்பாக்ஸ் அதைச் சாதாரணமாக 30-ல் வைத்து, வேலை கூடும்போது மட்டும் ஏற்றும். சும்மா சுற்றி வீணாகும் மின்சாரம் மிச்சம்.

அப்போ வேகத்தைப் பாதியாக்கினால் செலவும் பாதியா? இல்லை. அதே வேலை இரண்டு மடங்கு நேரம் இழுக்குமே! கூடவே வோல்டேஜையும் இறக்கினால்தான் உண்மையான லாபம். வோல்டேஜ் பாதியானால், ஒரு வேலைக்கு சிப் இயங்கச் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான்.

இன்றைய போன்கள் இந்த இரண்டையும் தானாகவே செய்கின்றன. நாம் செய்ய வேண்டியது, பாட்டைக் கரையிலேயே டவுன்லோடு செய்துவிட்டு, ஸ்கிரீனை அணைத்துக் கேட்பது. சார்ஜ் வீணாகப் போகாமல் இருக்கும்.