ஒரே இடத்தில் இருப்பது ஓரிரவில் இல்லாமற் போகலாம்

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி நள்ளிரவு தாண்டிய வேளையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. அங்கு சாம்பலான நூல்களின் தொகை ஏறத்தாழ 97,000 எனக் கூறப்படுகிறது. அச்சு நூல்களுட் பலவற்றை மீண்டும் தேடிப் பெற முடிந்தது. ஆனால், ஓலைச்சுவடிகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் அவ்வாறு பெற முடியவில்லை. அவற்றுக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை என்பதே அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாததாக்கியது.

அந்தப் பாடத்தை உணர்ந்தவர்களாகவே 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தும் பணியை 'நூலகம்' தன்னார்வலர்கள் மேற்கொண்டு வருகின்றனர். பாடசாலைகளும் ஆலயங்களும் சனசமூக நிலையங்களும் கூடத் தத்தம் ஆவணங்களைப் படியெடுக்கத் தொடங்கியுள்ளமை வரவேற்கத்தக்கது. எனினும், படியெடுத்தவற்றை ஒரே கணினியின் ஒரே வன்தட்டில் வைத்துப் பூட்டுவோமாயின், தாளில் இருந்த ஆபத்தை மின்னணு வடிவத்துக்கு மாற்றியவர்களாவோமேயன்றி அதனை நீக்கியவர்களாகமாட்டோம்.

இது வெறும் அச்சமன்று. 2023 ஆகஸ்ட் மாதம் இலங்கை அரசின் மின்னஞ்சல் வழங்கிகள் கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு இலக்காகின. இணைப்பிலிருந்த பிரதியும் சேர்ந்தே பாதிக்கப்பட்டமையால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளப் பெறப்படவில்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் தென்கொரியாவிலும், 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி டேஜியோன் நகர அரச தரவு நிலையத்தில் மூண்ட தீயினால், அரச ஊழியர்களின் 858 ரெராபைற் கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கும் வெளியிடத்திற் பிரதி இருக்கவில்லை.

இத்தகைய இழப்புகளைத் தவிர்க்க உதவும் வழிகளுள் ஒன்றே பரவற் கோப்பு முறைமையாகும். பல வழங்கிகளின் வன்தட்டுகளை ஒன்றிணைத்து, பயனாளருக்கு ஒரே பெட்டகம் போலக் காட்டுவது இதன் பணி. கோப்பு எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்பதைப் பயனாளர் அறியவேண்டியதில்லை. ஒன்று பழுதடைந்தால் மற்றொன்று அக்கோப்பை வழங்கும். கூகிள் நிறுவனம் தனது முறைமையை 2003இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டது. அதில் ஒவ்வொரு கோப்பும் 64 மெகாபைற் துண்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் வழமையாக மூன்று இயந்திரங்களில் வைக்கப்பட்டது. மலிவான இயந்திரங்கள் பழுதடைந்தே தீரும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு அமைக்கப்பட்டமையே அதன் சிறப்பு.

இத்துறையில் தமிழர் ஒருவரின் பங்கும் குறிப்பிடத்தக்கது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி இணைந்து உருவாக்கிய 'குளஸ்டர்' என்னும் கட்டற்ற மென்பொருள் உலகெங்கும் பயன்பட்டது. அந்நிறுவனத்தை 2011இல் ரெட் ஹட் வாங்கியது. ரெட் ஹட்டின் வணிக ஆதரவு 2024 இறுதியுடன் நின்றுவிட்டபோதிலும், மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய அமைப்புகளுக்கு 'செவ்' என்னும் மற்றொரு கட்டற்ற மென்பொருளும் உண்டு.

குளஸ்டரை நிறுவும் முறை கடினமானதன்று. மூன்று வழங்கிகளை ஒரே வலையமைப்பில் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் மாறாத முகவரியையும் பெயரையும் வழங்கி, அவற்றின் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும். இயங்குதளத்துக்கு ஒரு வன்தட்டும் கோப்புகளுக்கு வேறொரு வன்தட்டும் இருத்தல் நன்று. கோப்புகளுக்கான இடம் 'செங்கல்' எனப்படுகிறது. பின்னர் வழங்கிகளை ஒன்றையொன்று அறியச் செய்து, மூன்று செங்கற்களையும் மூன்று பிரதிகள் கொண்ட ஒரே தொகுதியாக்கிப் பயனாளர் கணினிகளுடன் இணைக்கலாம். ஒவ்வொன்றிலும் 4 ரெராபைற் இருப்பின், பயன்படும் இடம் 12 அன்று, 4 மட்டுமே. பாதுகாப்புக்கு நாம் செலுத்தும் விலை அதுவாகும்.

இரண்டு வழங்கிகள் போதாவா என்று கேட்கப்படலாம். இரண்டுக்கும் இடையிலான தொடர்பு அறுந்து, இரண்டும் ஒரே கோப்பைத் தனித்தனியே மாற்றினால் எது சரியென்று தீர்மானிக்க நடுவர் இல்லை. ஆகவே மூன்றாவது அவசியம். செலவைக் குறைக்க விரும்புவோர், கோப்புகளின் பெயரையும் விபரங்களையும் மட்டும் வைத்திருக்கும் நடுவர் இயந்திரமாக அதனை அமைக்கலாம். அமைத்து முடித்ததும் ஒரு வழங்கியின் மின்னிணைப்பைத் துண்டித்துப் பரீட்சித்துப் பார்ப்பது கட்டாயமானது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில், அந்தப் பரீட்சையை நாம் செய்யாவிடினும் காலம் செய்துவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகும். மூன்று பிரதிகளும் உடனுக்குடன் ஒன்றாக மாறுபவை. ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அது மூன்றிலும் அழியும். தீநிரல் தாக்கினாலும் அவ்வாறே. எனவே இணைப்பிலிருந்து அகற்றப்பட்ட ஒரு பிரதி தனியே இருக்கவேண்டும். மூன்று வழங்கிகளும் ஒரே அறையில் இருப்பின் ஒரு தீ மூன்றையும் எரிக்கும் என்பதையும் மறக்கலாகாது. தொலைவிலுள்ள இடத்துக்குச் சற்றுத் தாமதமாகப் பிரதியனுப்பும் வசதி குளஸ்டரிலும் உண்டு.

திருநெல்வேலியில் 1974இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. அதன் பொறியியற் பீடமோ அறுபது கிலோமீற்றருக்கு அப்பால் கிளிநொச்சியில் அமைந்துள்ளது. அறிவும் உண்டு, இடைத்தூரமும் உண்டு. மாணவர்களின் செயற்றிட்டமாக இத்தகைய களஞ்சியமொன்றை அமைத்து, குடாநாட்டின் சிறிய நூலகங்களும் பாடசாலைகளும் தமது ஆவணங்களை அதில் வைக்க வழிசெய்வது பற்றிப் பல்கலைக்கழகச் சமூகம் சிந்திக்கவேண்டும் என நாம் விரும்புகின்றோம். புலம்பெயர்ந்த உறவுகள் கடல்கடந்த பிரதியொன்றுக்கு இடமளிக்கலாம்.

எரிந்த சுவடிகளை எவராலும் மீட்க முடியாது. எஞ்சியிருப்பவற்றையாவது ஒரே தட்டில் வைத்து மீண்டுமொருமுறை இழக்காதிருப்பது நமது கையிலேயே உள்ளது.