மைனஸ் 113

எதிர் வீட்டு அம்மாவுக்கு 82 வயது. மகன் வெளிநாட்டில். ஞாயிறுதோறும் அவர் கூப்பிடுவார். இங்கே மணி அடிக்காது. செல்போன் கம்பெனியில் புகார் சொன்னதற்கு, "ரெண்டு கோடு காட்டுதே, போதும்" என்று பதில் வந்ததாம். "ஏன் தம்பி, நீங்க டெலிபோன்ல இருந்தவர்தானே, கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

கோடு ஓர் அளவே அல்ல. எத்தனை கோடு காட்டலாம் என்பதைப் போன் செய்கிறவர்களே முடிவு செய்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. ஐபோன் 4 வந்த புதிதில், அதைக் கையில் ஒரு விதமாகப் பிடித்தால் கோடுகள் மளமளவென்று இறங்குகின்றன என்று பெரிய கூச்சல் எழுந்தது. 2010 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் அறிக்கை விட்டது: கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தப்பு, பல நேரங்களில் இரண்டு கோடு கூடுதலாகக் காட்டி வந்திருக்கிறோம் என்று!

உண்மையான அளவு போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' என்று ஓர் எண் வரும். மாடலுக்கு மாடல் இடம் சற்று மாறும். எண்ணுக்குப் பக்கத்தில் டிபிஎம் என்று இருக்கும். அதை முதலில் பார்த்தபோது பழைய சிநேகிதனைத் தெருவில் கண்டது போல இருந்தது எனக்கு. கேரியர் அறையில் நாங்கள் தினமும் எழுதிய அளவு அது. ஒரு முனையிலிருந்து 1 மில்லிவாட் டெஸ்ட் டோன் அனுப்புவார்கள். மறு முனையில் லெவல் மீட்டரில் பார்த்து ரிஜிஸ்டரில் பதிவோம். அந்த 1 மில்லிவாட்தான் 0 டிபிஎம்.

இதன் பூர்வீகம் அமெரிக்காவின் பெல் டெலிபோன் கம்பெனி. ஆரம்பத்தில் அங்கே லைனில் ஏற்படும் இழப்பை மைலில் சொன்னார்கள். குறிப்பிட்ட ஒரு வகைக் கேபிளில் ஒரு மைல் போனால் குரல் எவ்வளவு மங்குமோ, அது ஒரு அலகு. ஆனால் கேபிளில் கீச்சுக்குரல் ஒரு மாதிரியும் கட்டைக்குரல் ஒரு மாதிரியும் தேயும். அதனால் 1924-ல் மைலை விட்டுவிட்டு, சக்திகளின் விகிதத்தை வைத்து ஒரு புது அலகு கண்டார்கள். சில ஆண்டுகளில் அதற்கு டெசிபல் என்று பெயர் வந்தது. 1922-ல் காலமான கிரகாம் பெல்லின் நினைவாக 'பெல்'. அது பெரிய அலகாக இருந்ததால் அதில் பத்தில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கில் 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகும். 3 குறைந்தால் பாதி. போனில் வருவது மைனஸ் எண் என்பதால் 90-ஐவிட 110 மோசம். மைனஸ் 100 என்றால் 1 மில்லிவாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு! எங்கள் லைனில் சில டெசிபல் குறைந்தாலே மேலதிகாரி விளக்கம் கேட்பார். இத்தனூண்டு சக்தியில் பேச்சு கேட்கிறது என்றால் அன்று யாரும் நம்பியிருக்க மாட்டோம்.

அந்த அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிஷம் நின்று மூன்று தடவை பார்த்தேன். எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே போன், ஒரே 4ஜி என்று இருந்தால்தான் ஒப்பிட முடியும். 2ஜி எண்ணோடு இதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. திண்ணையில் மைனஸ் 89. அவர் படுக்கும் பின் அறையில், இரும்பு பீரோவுக்கும் கான்கிரீட் சுவருக்கும் நடுவே, மைனஸ் 113. வித்தியாசம் 24 டெசிபல். அதாவது சக்தி சுமார் 250 மடங்கு குறைவு. அங்கேயும் ஒரு கோடு காட்டிக்கொண்டுதான் இருந்தது.

எண்களை ஒரு தாளில் எழுதி மறுபடி புகார் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. கட்டிலை முன் அறைக்கு மாற்றிவிட்டோம். போன ஞாயிறு மணி அடித்தது. பீரோவை நகர்த்தத்தான் ஆள் கிடைக்கவில்லை.