யார் கண்டது, யார் சொன்னது: கண்டிக் கைதி நொக்ஸும் எங்கட ஒப்படைகளும்

1689 டிசம்பர் 18. லண்டன் றோயல் சொசைட்டியில றொபேட் ஹூக் ஒரு சின்ன அறிக்கை வாசிக்கிறார். தக்கையை நுணுக்குக்காட்டிக்குக் கீழ வைத்துக் 'கலம்' கண்டாரே, விஞ்ஞானப் பாடத்தில நாங்க எல்லாரும் சந்தித்த அதே ஹூக்தான். அன்றைக்கு அவர் எடுத்த விஷயம் கஞ்சா. செடி எப்படி இருக்கும், உட்கொண்டவருக்கு என்ன ஆகும் என்று விளக்குகிறார். இதைச் சொன்னவர் தானே பலமுறை பரீட்சித்துப் பார்த்தவர், அதனால பயப்படத் தேவையில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். சொன்னவருடைய பெயர் மட்டும் இல்லை.

பெயர் அவருடைய நாட்குறிப்பில இருக்கு. அதே வருஷம், அறிக்கைக்குச் சில வாரங்கள் முன்னால, கப்டன் நொக்ஸ் இந்தச் செடியைப் பற்றித் தனக்குச் சொன்னதாக ஹூக் குறித்து வைத்திருக்கிறார். சிங்களத்தில அதற்கு என்ன பெயர் என்பது வரைக்கும் அதில இருக்கு.

நொக்ஸை எங்களுக்குத் தெரியும். தெரியும் என்றா, வரலாற்றுப் புத்தகத்தில ஒரு பந்தியில வந்து போற ஆள். 'ஆன்' என்ற கப்பல் புயலில பாய்மரத்தை இழந்து, திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வருது. 1660இல கரைக்கு இறங்கினவங்களை இரண்டாம் இராஜசிங்கனுடைய ஆட்கள் பிடிச்சுக்கொண்டு கண்டி இராச்சியத்துக்குள்ள கொண்டுபோறாங்க. கப்டனாக இருந்த அப்பா அடுத்த வருஷமே காய்ச்சலில செத்துப்போக, மகன் றொபேட் நொக்ஸ் பத்தொன்பது வருஷத்துக்கு மேல இங்கேயே இருந்தார். அவர் கடைசியாக வீடு கட்டி, தோட்டம் வைத்து இருந்த எலதெத்த, பேராதனைக்குப் பக்கத்தில உடுநுவரையில இருக்கிற ஊர். தொப்பி பின்னி வித்தார், நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கினார், பொட்டணி வியாபாரம் செய்தார். 1679இல ஸ்டீவன் ரட்லண்ட் என்ற கூட்டாளியோட வடக்கால தப்பி, மல்வத்து ஓயாவைப் பிடிச்சு நடந்து, அரிப்பில இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். ஊருக்குத் திரும்பற கப்பலில எழுதத் தொடங்கினதுதான், 1681இல லண்டனில அச்சான அவருடைய இலங்கைப் புத்தகம். கையெழுத்துப் பிரதியைச் சீர்படுத்த, மச்சான் முறையான ஜோன் ஸ்ட்ரைப்பும் ஹூக்கும் உதவினாங்க. முன்னுரை ஹூக் எழுதினது.

அந்தப் புத்தகத்தில கஞ்சா ஒரு இடத்தில வருது. வடக்குப் பக்கம் வியாபாரத்துக்குப் போற நேரங்களில குளத்துத் தண்ணி குடிச்சு நொக்ஸுக்கும் ரட்லண்டுக்கும் திரும்பத் திரும்பக் காய்ச்சல். காய்ந்த இலையை இடிச்சு, கருப்பட்டியோட சேர்த்து, காலையும் பின்னேரமும் வெறும் வயிற்றில தின்கிற மருந்தைக் கடைசியில கற்றுக்கொள்கிறாங்க. தானாக இதைக் கண்டுபிடிக்க நொக்ஸ் வைத்தியர் இல்லை. அந்தத் தண்ணியைத் தலைமுறை தலைமுறையாகக் குடிச்ச யாரோ சொல்லியிருக்க வேண்டும். அப்ப இந்த அறிவு நடந்த வழியைப் பாருங்க. ஊர் ஆள் ஒருத்தரிடம் இருந்து நொக்ஸுக்கு, நொக்ஸிடம் இருந்து ஹூக்குக்கு, ஹூக்கிடம் இருந்து றோயல் சொசைட்டிக்கு. முதல் படியிலயே ஊர் ஆள் காணாமல் போறார். அடுத்த படியில நொக்ஸ்.

ஹூக்கைத் திட்டுறதுக்காக இதைச் சொல்லவில்லை. 'நம்பத்தகுந்த ஒருவர் சொன்னார்' என்று எழுதுவது அந்தக் காலத்து வழக்கம். ஆனா ஒரு வேடிக்கை இருக்கு. அதற்கு மூன்று வருஷம் முன்னால, நியூட்டன் 'பிரின்சிப்பியா'வை அச்சுக்குக் கொடுக்கிற நேரம், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும் என்ற எண்ணம் என்னிடம் இருந்து போனது, அதைச் சொல்லுங்க என்று கேட்டுச் சண்டை பிடிச்சவர் இதே ஹூக். தன்ர பெயர் விடுபடும்போதுதான் வலிக்கும் போல.

இதே காலத்தில ஜோன் லொக்கும் நொக்ஸைப் பாவிக்கிறார். 1690 என்று ஆண்டு போட்டு வந்த அரசாங்கம் பற்றிய அவருடைய நூலில, வரம்பில்லாத மன்னராட்சி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா, அண்மையில வந்த இலங்கை பற்றிய அந்த நூலைப் படியுங்க என்கிறார். ஆசிரியர் பெயர் இல்லை, பக்கம் இல்லை. அன்றைய வாசகருக்கு எந்தப் புத்தகம் என்று விளங்கியிருக்கும். என்னை நிறுத்தினது வேறு ஒன்று. அரசனால அடைச்சு வைக்கப்பட்ட ஒருத்தன் அந்த அரசனைப் பற்றி எழுதினது அது. கைதி சொன்ன ராஜா. நொக்ஸ் பொய் சொன்னார் என்று இல்லை. கிராமம், விவசாயம், சாப்பாடு, சாதி எல்லாம் அவ்வளவு நுணுக்கமாக எழுதினவர் வேறு யாரும் அந்த நூற்றாண்டில இல்லை. ஆனா அரண்மனைக்குள்ள நடந்தது அவர் கண்டதா, கேட்டதா? லொக் அதைக் கேட்கவில்லை. கண்டி இராச்சியம் ஐரோப்பிய அரசியல் தத்துவத்துக்குள்ள ஒரு உதாரணமாகப் போன வழி இதுதான்.

நாவலாசிரியர் டானியல் டீஃபோ இந்த விஷயத்தில நல்லவர். 1720இல வந்த 'கப்டன் சிங்கிள்டன்' கதைக்கு நடுவில நொக்ஸின் கதையைச் சுருக்கிப் போடுகிறார், நொக்ஸ் என்று பெயரையும் சொல்லி. கற்பனைக் கதை எழுதினவர் மூலத்தைச் சொல்கிறார், தத்துவஞானியும் விஞ்ஞானியும் சொல்லவில்லை!

இதையெல்லாம் ஏன் தோண்டுறேன் என்றா, எங்களுக்கு உசாத்துணை என்பது கடைசி இரவு வேலையாகப் போச்சு. விஞ்ஞானபீடத்து நண்பர்களிடம் செயற்றிட்ட அறிக்கை பற்றிக் கேட்டா முதல் வருகிற வார்த்தை 'பெர்சன்டேஜ்'. டர்னிட்டினில எவ்வளவு காட்டுது, எந்தச் சொல்லை மாற்றினா குறையும். ஒரு ஆய்வுக்கட்டுரையின் முன்னுரையில இருக்கிற பத்து மேற்கோளை அப்படியே தூக்கி, அந்தப் பத்தையும் தாங்கள் வாசித்த மாதிரிப் போடுறதும் சாதாரணம். கலைப்பீடத்தில நாங்க இன்னும் சௌகரியம்: இங்கிலீஷில இருக்கிறதைத் தமிழாக்கிப் போட்டா மென்பொருளுக்கு ஒண்டும் தெரியாது. பூச்சியம் வீதம்.

அந்தப் பூச்சியம் வீதத்துக்கு எங்கட வரலாற்றிலயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கு. அவர் பெயர் பிலிப்பஸ் பல்டேயஸ்.

ஒல்லாந்தர் 1658இல போர்த்துக்கேயரிடம் இருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச பிறகு அங்க வேலை செய்த மதகுரு. 1672இல அம்ஸ்ரடாமில வெளியான அவருடைய பெரிய நூலில மூன்று பகுதி. மலபார், சோழமண்டலக் கரைகள் முதலாவது. இலங்கை இரண்டாவது. மூன்றாவது, கிழக்கிந்தியர்களுடைய 'விக்கிரக வழிபாடு'. இரண்டாம் பகுதியில யாழ்ப்பாணத்துக் கோவிற்பற்றுக்கள், பள்ளிக்கூடங்கள், சனங்கள் பற்றி அவர் எழுதினது நேரில கண்டது. இன்றைக்கும் அதை விட்டுட்டு அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுத முடியாது. தமிழ் எழுத்துக்களை அச்சில ஐரோப்பாவுக்குக் காட்டின நூல்களிலயும் இது ஒன்று. பிரச்சினை மூன்றாம் பகுதியில. சிவன், பிள்ளையார், முருகன், விஷ்ணுவின் அவதாரங்கள் என்று விரிவாக வருது. வாசிக்கிற ஒல்லாந்தருக்கு என்ன தோன்றும்? யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு நடுவில பல வருஷம் இருந்த மனுசர், அவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார் என்று.

இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் அந்த எண்ணம் பெரிதாக அசையவில்லை. சுவீடனின் உப்சாலாவில இருந்த சமஸ்கிருத அறிஞர் யார்ல் சார்பென்டியர், பிரித்தானிய அருங்காட்சியகத்தில கிடந்த ஒரு போர்த்துக்கேயக் கையெழுத்துப் பிரதியைப் பல்டேயஸின் நூலோட ஒப்பிட்டார். 1933இல அந்தப் பிரதியைப் பதிப்பித்தும் வெளியிட்டார். எழுதினவர் ஜாக்கொமோ ஃபெனிசியோ என்ற இத்தாலிய யேசுசபைக் குரு. எழுதின காலம் 1609 அளவில். இடம் யாழ்ப்பாணம் இல்லை, கள்ளிக்கோட்டைப் பக்கம். பல்டேயஸின் மூன்றாம் பகுதியில பெரும் பங்கு அதில இருந்து வந்தது. அவதாரக் கதைகளுக்கு, பிலிப்ஸ் ஏஞ்சல் என்ற லெய்டன் ஓவியர் 1658இல ஒல்லாந்து மொழியில தொகுத்த இன்னொரு கையெழுத்துப் பிரதியும் கைகொடுத்திருக்கு. போர்த்துக்கேயத்தில இருந்து ஒல்லாந்து மொழிக்கு மாற்றினா, எந்த மென்பொருள் பிடிக்கும்?

இங்க நட்டம் யாருக்கு? ஃபெனிசியோ பாவம், சரி. ஆனா அவரை விட நட்டம் எங்களுக்கு. பதினேழாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில சனங்கள் என்ன கதை சொன்னாங்க, எப்படிக் கும்பிட்டாங்க என்று தேடுகிற ஒருவர், பல்டேயஸைத் திறந்து, அரை நூற்றாண்டுக்கு முந்தின மலையாளக் கரைச் செய்தியை யாழ்ப்பாணச் சான்றாக எழுதிக்கொண்டு போவார். 'மலபார்' என்ற சொல் இந்த வழுக்கலை இன்னும் சுலபமாக்கினது. ஐரோப்பியர் மலையாளக் கரையையும் மலபார் என்றாங்க, இலங்கையில தமிழரையும் மலபார் என்றாங்க. ஒரே சொல், இரண்டு சனம். எங்கிருந்து எடுத்தது என்று பல்டேயஸ் ஒரு வரி எழுதியிருந்தா போதும், அடுத்து வந்தவர் எந்த மலபார் என்று கேட்டிருப்பார்.

பிறகு வந்த பிரான்சுவா வலன்டைனிடம் இது இன்னும் சிக்கல். 1724 முதல் 1726 வரை வெளியான பெருந்தொகுதிகளில இலங்கைக்கு ஒரு பெரிய பகுதி ஒதுக்கினவர், ஆனா வாழ்ந்து வேலை செய்தது அம்போன் தீவுப் பக்கம். மற்றவர்களுடைய எழுத்தைச் சொல்லாமல் எடுத்தவர் என்ற பெயர் அவருக்கு நெடுங்காலமாக இருக்கு. இலங்கை பற்றின பகுதியை இங்கிலீஷில மொழிபெயர்த்து, ஹக்லூயிட் சங்கத்துக்காக 1978இல பதிப்பித்தவர் எங்கட பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம். இலங்கைப் பல்கலைக்கழகத்திலயும் படிப்பித்தவர். இப்படி ஒரு பழைய நூலைப் பதிப்பிக்கிற வேலையில பாதி, எந்தச் செய்தி எங்கிருந்து வந்திருக்கும் என்று பின்னால பின்னால போறதுதான். முதல் ஆள் மறைச்ச ஒரு வரிக்காக இருநூற்றைம்பது வருஷம் கழித்து இன்னொரு ஆள் வேலை செய்ய வேண்டியிருக்கு. மூன்று புத்தகம் ஒரே விஷயத்தைச் சொல்லுது என்று நாங்க சந்தோஷப்படுவோம். மூன்றும் ஒரே வாயில இருந்து வந்ததா என்று பார்த்தா சாட்சி ஒன்றாகக் குறைஞ்சிடும்.

சரி, மூலத்தைச் சொல்லிட்டா வேலை முடிஞ்சதா? இல்லை. திரும்ப நொக்ஸுக்கு வருவோம். தப்பி ஓடுற வழியில அனுராதபுரப் பகுதியில சிங்களம் விளங்காத மலபார் சனங்களை, அதாவது தமிழரை, கண்டதாகவும், அவங்க கண்டி அரசனுடைய குடிகள் என்றும் எழுதியிருக்கிறார். இந்த ஒரு செய்தியைப் பேஸ்புக் சண்டைகளில கல்லு மாதிரித் தூக்கி எறியிறதைப் பார்த்திருப்பீங்க. ஒரு பக்கம், 'பார்த்தியா, அனுராதபுரம் தமிழர் பூமி, நொக்ஸே சொல்லிட்டார்'. மற்றப் பக்கம், 'வெள்ளைக்காரன் பொய்'. இரண்டு பக்கமும் பெரும்பாலும் அந்த அத்தியாயத்தைத் திறந்ததில்லை.

திறந்தா, இரண்டு பேருக்கும் வசதியில்லாத படம் ஒன்று வருது. உயிருக்குப் பயந்து ஓடுற ஒருத்தன், ஒரு சில நாளில, ஒரு பாதையில கண்டது. அந்தச் சனங்களுடைய பேச்சு அவருக்கு விளங்கவில்லை. ஆனா சிங்களம் சரளமாகத் தெரிஞ்ச மனுசர், அதனால எது சிங்களம் இல்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவனும் அங்க இருந்தான், சிங்களம் பேசாத தலைவன் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலமாகத்தான் நொக்ஸை விசாரித்தான். ஆக 1679இல அந்த வழியில தமிழ் பேசின குடிகள் இருந்தாங்க, கண்டி அரசனுடைய ஆட்சிக்குள்ள இருந்தாங்க, இரண்டு மொழிக்கும் நடுவில ஆட்களும் இருந்தாங்க. இவ்வளவைத் துணிஞ்சு எழுதலாம். எத்தனை பேர், எவ்வளவு காலமாக, அதற்கு முன்னால யார் என்பதற்கு நொக்ஸ் சாட்சி இல்லை.

என்ர அடுத்த ஒப்படை இந்தப் பகுதியைப் பற்றித்தான். அடிக்குறிப்பில நொக்ஸின் பெயர், 1681, பாவித்த பதிப்பு, அத்தியாயம், பக்கம் எல்லாம் வரும். தமிழாக்கம் என்னுடையது என்றும் ஒரு வரி. 'மலபார்' என்ற இடத்தில 'தமிழர்' என்று நான் மாற்றாமல் மலபார் என்றே விட்டு, கீழ விளக்கம் எழுதப்போறேன். கஞ்சா மருந்து பற்றி எழுதுறதா இருந்தா, நொக்ஸுக்கு அதைச் சொன்ன ஆளுக்கும் ஒரு அடிக்குறிப்பு வேணும். பெயர் இல்லாட்டியும் பரவாயில்லை.