துறைமுக நகரில் ஒரு நல்லாசான்

திருக்கோணமலைத் துறைமுகம் உலகறிந்தது. ஆங்கிலேயர் காலத்தில் பேரரசின் போர்க்கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டு நின்றன; அங்கிருந்த கடற்படைத் தளம் 1957ஆம் ஆண்டிலேதான் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரின் வடபால் உள்ள உப்புவெளியிலும் அதனை அடுத்த ஊர்களிலும் வாழ்ந்த எளிய குடும்பத்து இளைஞருக்கு அக்கப்பல்கள் கண்ணுக்கு அண்மையில் இருந்தன. அவற்றை நடத்தும் பதவிகளோ கைக்கு எட்டாதனவாக இருந்தன. அப்பதவிகளுக்கு ஆங்கிலமும் விஞ்ஞானமும் வேண்டும். அவற்றைக் கற்கப் பொருள் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, 'நம்மாலும் இயலும்' என்னும் துணிவு வேண்டும். கிழக்கிலங்கை இளைஞருக்கு அத்துணிவை ஊட்ட உழைத்தவருள் முதன்மையானவர் சுவாமி விபுலானந்தர்.

அவர் 1892ஆம் ஆண்டில் காரைதீவிலே பிறந்தவர், இயற்பெயர் மயில்வாகனம். 1916ஆம் ஆண்டில் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாப் பட்டமும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக விளங்கினார். வசதியான வாழ்வு காத்திருக்க, அதனை விடுத்து 1924ஆம் ஆண்டில் துறவு பூண்டார். மறு ஆண்டு திருக்கோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் வந்தது. சுவாமிகள் அதனை மேனிலைக்குக் கொணர உழைத்தார்; சிறிது காலம் அதிபராகவும் அமர்ந்தார். 1929ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

இளைஞருக்கு வேண்டுவது கைத்தொழிலா, உயர்கல்வியா என்னும் வினா அக்காலத்தில் வேறொரு நாட்டையும் அலைக்கழித்தது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன், 1881ஆம் ஆண்டில் டஸ்கீகியில் கறுப்பின இளைஞருக்கான பள்ளியைப் பொறுப்பேற்றார். மாணவர் தாமே செங்கல் சுட்டுத் தம் கட்டடங்களை எழுப்பினர். தொழில் கற்றவன் நிமிர்ந்து நிற்பான் என்பது அவர் கொள்கை. அறிஞர் டூ பாய்ஸ், உயர்கல்வியும் குடியுரிமையும் இன்றித் தொழில் மட்டும் போதாதென 1903ஆம் ஆண்டில் மறுத்துரைத்தார்.

விபுலானந்தரின் வாழ்வில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையாகவில்லை. பண்டிதரும் விஞ்ஞானியும் ஒருவராகவே மாணவர்முன் நின்றமையால், தம் மொழியை விடாமலே புதுக்கல்வி பெறலாம் என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டனர். 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரான பின்னும், அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியர் ஒருவர் தம் வாசல் தேடி வருவதே, தாமும் மதிக்கத்தக்கவர் என்பதை அப்பிள்ளைகளுக்கு உணர்த்தும் பாடமன்றோ!

1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழ் யாழின் நரம்புகளைக் கணித முறையால் ஆராய்ந்த அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். உயர்ந்தோர் தாம் ஏறிய ஏணியை எடுத்துவிடாது, பின்வருவோருக்காகப் பிடித்து நிற்றல் வேண்டும். அவ்வாறு நின்றவர் என்றே கிழக்கிலங்கை அவரை இன்றும் நினைவுகூர்கிறது.